மூன்றாம் பொருள்: ராப் கலையா?

எங்கள் பங்கின் திருவழிபாட்டுக் குழு, உலகத்தில் யாருக்கும் விடை தெரியாத கேள்விகளுக்கு மாதம் ஒருமுறை, இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, டீயும் மெதுவடையுமாக விடை கண்டுபிடிக்கும். போன மார்ச் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் இது. பொருள் ஒன்று: குருத்தோலை எங்கே வாங்குவது. பொருள் இரண்டு: மைக் கொர்ரென்பது. பொருள் மூன்று: ராப் கலையா? பொருள் நான்கு: கழிவறைக் கதவின் தாழ்ப்பாள். மூன்றாம் பொருளில்தான் என் கல்யாணம் மாட்டிக்கொண்டிருந்தது.

என் பெயர் பெரியநாயகி. மாதாவின் பெயர்தான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இருபத்தேழு வருஷமாக விளக்கம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வீடு திருவெறும்பூர். அம்மா இல்லை. அப்பா அடைக்கலராஜ், துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியமாக, நான் பிறந்த வருஷத்திலிருந்து பங்கின் பாடகர் குழுவை நடத்துகிறவர். அதையும்விட முக்கியமாக, திருவழிபாட்டுக் குழுவின் தலைவர். ஆக, பெண்ணின் தகப்பனார், பாட்டு வாத்தியார், நீதிபதி மூவரும் ஒரே ஆள். எங்கள் மதத்தில் இது ஒன்றும் புதிதில்லை.

மாப்பிள்ளை அருள்ராஜ். அவனைப் பார்த்தது பஸ்ஸில். நாலரை மணி தனியார் பஸ்ஸில் நான் வீடு திரும்புவேன், அவன் இரண்டாம் ஷிப்டுக்குப் போவான். திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். தினமும் காட்டூருக்கு டிக்கெட் எடுப்பான், காட்டூரில் இறங்குவான், அங்கிருந்து வெயிலில் பட்டறை வரை நடப்பான். காசை மிச்சம் பிடிக்கிற கருமி என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது, அவனுக்குத் திக்குவாய். 'தி' அவன் நாக்குக்கு ஒத்துவராது. கண்டக்டர் முறைத்துக்கொண்டும் பின்னால் பத்துப் பேர் முட்டிக்கொண்டும் நிற்கும்போது திருவெறும்பூர் என்று சொல்வதைவிட இரண்டு கிலோமீட்டர் நடப்பது அவனுக்குச் சுலபம். ஒருநாள் நானே, "ரெண்டு திருவெறும்பூர் குடுங்க" என்று வாங்கி ஒன்றை அவனிடம் நீட்டினேன். அவன் தேங்க்ஸ் சொல்லி முடிப்பதற்குள் பால்பண்ணை போய் அரியமங்கலம் வந்துவிட்டது. அந்த தேங்க்ஸ் எனக்குப் பிடித்துவிட்டது. அவ்வளவுதான் எங்கள் காதல் கதை.

இதே மனிதனுக்கு ஒரு தாளத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். திக்காது. ஒரு எழுத்துகூடத் திக்காது. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு செல்போனில் ராப் பதிவு செய்வான். சித்திரை வெயிலிலும் கம்பளிதான். தெருச் சத்தம் உள்ளே வரக் கூடாதாம். அவன் சேனலுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சந்தாதாரர்கள். அதில் மூன்று பேர் நான்.

அவன் பாட்டில் ஒன்று இப்படிப் போகும்:

சத்திரத்துல ஏறினேன் சாமி, உக்கார சீட்டு இல்ல,
சிலுவையில ஏறின உமக்கும் ஒருத்தன் எந்திரிச்சு இடம் தரல்ல,
நிக்கிறவன் கால்வலி நின்னவருக்குத்தான் தெரியும்,
நீர் ஒருத்தர் பக்கத்துல நின்னா நெடுந்தூரமும் குறையும்.

இதை முதல்முதலில் கலை என்று மதித்து விமர்சனம் செய்தவர் ஒரு கிறிஸ்தவர் இல்லை. வீட்டுக்காரர் சௌம்யநாராயணன். பெருமாள் கோவில் கோஷ்டியில் தினமும் பாசுரம் சேவிக்கிற மனிதர். ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து, கம்பளிக்குள் இருந்தவனிடம் சொன்னாராம்: "நன்னா இருக்குடா. நாலாவது அடி பேஷ். ஆனா போன வாரம் பாடினியே ஒண்ணு, அதுல ழகாரம் வரல்லை. பகவத் விஷயம் சொல்றச்சே வாய் சுத்தமா இருக்க வேண்டாமோ? திருப்பிச் சொல்லு." அரை மணி நேரம் நிற்க வைத்துச் சொல்ல வைத்திருக்கிறார். பகவான் யார் என்பதைப் பற்றி இருவரும் விவாதிக்கவில்லை. ழகாரத்தைப் பற்றி மட்டும்தான் விவாதம்.

எங்கள் பக்கம் அப்படிச் சுலபமாக இல்லை. நிச்சயதார்த்தத்தில் ஒரு பிரச்சினையும் வரவில்லை, ஏனென்றால் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்கு வசனம் கிடையாது. சிரித்தால் போதும். "எவ்வளவு அடக்கமான பையன்" என்று அப்பா பூரித்தார். திக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். "கல்யாணமானா சரியாயிடும்" என்றார். எங்கள் ஊரில் குடி, கடன், கோபம், ஆஸ்துமா எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து.

முதல் அடி விழுந்தது மந்திரம் கேட்கும்போது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் தனித்தனியாகப் போய், சின்ன வயதில் படித்த செபங்களை மனப்பாடமாகச் சொல்லிக்காட்ட வேண்டும். எங்கள் பங்கில் கேட்பவர் செல்லக்கிளி அம்மா. மறைக்கல்வி ஆசிரியை, குழுவின் செயலாளர், ஜெபமாலை நடத்துவதில் எங்கள் வட்டாரத்திலேயே அவரை அடிக்க ஆள் கிடையாது. ஐம்பத்துமூன்று மணியையும் எட்டு நிமிஷத்தில் உருட்டிவிடுவார். அவர் முன்னால் போய் அருள் உட்கார்ந்தான். முதல் செபத்தின் மூன்றாவது வார்த்தையில் நின்றான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி நின்றான். செல்லக்கிளி அம்மா கண்ணாடியைக் கழற்றி, "தம்பிக்கு மந்திரமே தெரியல" என்று தீர்ப்பெழுதிவிட்டார். புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆறு ஞாயிறு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நான் போய்ச் சண்டை போடுகிறேன் என்று கிளம்பினேன். அருள் தடுத்தான். இரண்டு வாரம் கழித்துத்தான் காரணம் சொன்னான்: "அங்க எ...எல்லாரும் சேந்து சொல்றோம், நாயகி. சேந்து சொன்னா எனக்குத் தி...திக்கறதில்ல." முப்பது வயது ஆள், முட்டி இடிக்கிற குட்டை பெஞ்சில், எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே, கடல் மடை திறந்த மாதிரி செபம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆறாவது ஞாயிறு செல்லக்கிளி அம்மா அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டார்: "பாத்தீங்களா சார், ஒண்ணுமே தெரியாத பையனை ஆறே வாரத்துல தேத்திட்டேன்."

அடுத்தது வார்த்தைப்பாடு. தாலிக்கு முன்னால், கோவில் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மைக்கில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு நீண்ட வாக்கியம். அவன் பெயர், என் பெயர், இன்பம், துன்பம், நோய், சாகும்வரை என்று எல்லாம் வரும். இங்கே கூடச் சொல்ல யாரும் கிடையாது. 'பெ' என்பது 'தி'யைவிட மோசம். என் பெயர் அவனுக்கு ஒரு மலை. பிறந்த நாள் வாழ்த்தே 'நாயகி' என்றுதான் சொல்வான்.

பங்குத்தந்தை சவரிநாயகம் நல்ல மனிதர். "நான் கேள்வியா கேக்குறேன்ப்பா. நீ ஆம்னு மட்டும் சொல்லு, போதும். சட்டப்படி செல்லும்" என்றார். அருள் தலையாட்டினான், இல்லை என்று. எல்லா மாப்பிள்ளையும் முழுசாகச் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் சுருக்கம் என்று செல்போனில் தட்டி ஃபாதரிடம் காட்டினான். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'தாளத்தில் சொன்னால் முழுசாகச் சொல்லுவேன். ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன்.'

அவர் அறையிலேயே சொல்லிக்காட்டினான். மேஜையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டு, அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து மாறாமல், என் பெயரை நடுவில் ஒரு சுற்று சுற்றி இறக்கி, அலுங்காமல் முடித்தான். 'பெரியநாயகி ஆகிய உன்னை' என்ற இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் முழுப்பெயரை அவன் வாயிலிருந்து அன்றுதான் முதல்தடவை கேட்கிறேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கல்யாணத்தன்று இதை இன்னொருதரம் கேட்க வேண்டும்.

ஃபாதருக்கும் பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் பிடித்ததைத் தன் பொறுப்பில் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "வார்த்தை எதுவும் மாறலை. எனக்கு ஆட்சேபனை இல்லை. எதுக்கும் குழுவுல வெச்சிடுவோம்" என்றார். இப்படித்தான் என் கல்யாணம் குருத்தோலைக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

குழுவின் குறிப்பேட்டை எழுதுவது நான். செயலாளருக்குக் கூட்டத்தன்று மட்டும் கண்ணாடி மறந்துவிடும். அதனால் என் கல்யாண வழக்கின் விசாரணையை என் கையாலேயே எழுதும் பாக்கியம் கிடைத்தது.

மாதிரிக்கு ஒன்று பாடச் சொன்னார்கள். அருள் பஸ் பாட்டைப் பாடினான். முடிந்ததும் அப்பா கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார்.

"சிலுவை என்ன பஸ்ஸாப்பா?" என்றார் அப்பா.

"அவர் சொல்ல வர்றது..." என்று ஃபாதர் ஆரம்பித்தார்.

"எனக்குப் புரியுது ஃபாதர். பாட்டுன்னா ராகம் வேணும். ராகம் இல்லாதது பாட்டு இல்ல. பாட்டு இல்லாதது கலை இல்ல. கலை இல்லாதது பீடத்துக்கு முன்னாடி எதுக்கு?"

அப்பாவின் ராகங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் இயற்றிய பாடல்கள் நூற்று நாற்பது. வார்த்தைகள் எல்லாம் சொந்தம். மெட்டுகள் எல்லாம் எந்த சினிமாவில், எந்த மழையில், எந்தக் கதாநாயகியின் சேலை நனைந்தபோது வந்தவை என்று பாடகர் குழுவில் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும். நற்கருணை வாங்கப் போகும்போது பாடும் பாட்டுக்கு வயசானவர்கள் கண்மூடி உருகுவார்கள். நடு வயதுக்காரர்கள் குனிந்து சிரிப்பை அடக்குவார்கள். அது கலை. ஒருவன் தன் வாயிலிருந்து, தன் பஸ்ஸிலிருந்து, தன் கால்வலியிலிருந்து எழுதியது கலை இல்லை.

"பாட்டு இல்லன்னா பேச்சுன்னு வைங்கப்பா. வார்த்தைப்பாடு பேச்சுதானே?" என்றேன்.

"பேச்சுக்கு எதுக்கும்மா தாளம்?"

"இது அமெரிக்காவுல கெட்டவங்க பாடுறதாமே, என் மருமவன் சொன்னான்" என்றார் செல்லக்கிளி அம்மா. பிறகு மிகுந்த கவலையோடு, "அதுவும் இவ்வளவு வேகமா சொன்னா ஆண்டவருக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டார்.

இதைக் குறிப்பேட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். 'ஜெபமாலை, எட்டு நிமிஷம்' என்று ஓரத்தில் எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். எனக்குக் கல்யாணம் நடக்க வேண்டும்.

கடைசியில் ஃபாதர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரையும் திருப்திப்படுத்துகிற, அதனால் யாரையும் காப்பாற்றாத வழி. "ராப் கலையா இல்லையான்னு நாம முடிவு பண்ண வேண்டாம். இவருக்குப் பேச்சுல ஒரு சிரமம் இருக்கு. டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வரட்டும். மருத்துவச் சலுகையா அனுமதிச்சிடலாம்."

அப்பா உடனே முகம் மலர்ந்தார். "அப்படின்னா சரி. சிகிச்சைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

'தீர்மானம்: ராப் கலை அல்ல. எனினும் உடல்நலக் காரணங்களுக்காக, மருத்துவரின் சான்றிதழின் பேரில், ஒருமுறை மட்டும், மிதமான வேகத்தில், கையசைவின்றி அனுமதிக்கப்படுகிறது.' எழுதி முடித்து நிமிர்ந்தேன். நான் ஜெயித்துவிட்ட மாதிரி அருளைப் பார்த்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தாழ்ப்பாள் விவாதம் ஆரம்பித்தபோது எழுந்து போய்விட்டான்.

மறுநாள் முக்கொம்புக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பொரித்த மீன் வாசம், செல்ஃபி எடுக்கிற குடும்பங்கள். அணைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான், "சான்றிதழ் வா...வாங்க மாட்டேன்."

"ஏன்? காகிதம்தானே? எனக்குத் தெரிஞ்ச டாக்டர் அஞ்சு நிமிஷத்துல எழுதிக் குடுப்பார்."

"நான் தி...திக்குறதுனால ராப் பாடல, நாயகி. எனக்கு அது வ...வரும். அதனால பாடுறேன். ம...மருந்துன்னு சொல்லி உள்ள விட்டா அது எ...என் பாட்டு இல்ல. நாளைக்கு எனக்குத் தி...திக்கு சரியாயிட்டா பாட்டை வி...விட்டுடணுமா?"

"அப்ப என்ன பண்ணப் போறே? ஆம்னு மட்டும் சொல்லப் போறியா?"

"மு...முழுசா சொல்லுவேன். எ...என் வாயால. எப்படி வருதோ அப்படி."

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். நானூறு பேர் முன்னால், மைக்கில், மலைமாதிரி என் பெயரை வைத்துக்கொண்டு இவன் நிற்கப் போகிறான். என் மாமன் மக்கள் செல்போனில் வீடியோ எடுக்கப் போகிறார்கள். "உனக்கு வீம்பு. கலை, கலைன்னு நீயும் எங்கப்பா மாதிரியே பேசுற" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் மீன் தின்றுகொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவனுக்குத் திக்குகிறது, எனக்குக் கோபம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏப்ரலில் மூன்று ஞாயிறு கோவிலில் எங்கள் ஓலை படித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்ற அறிவிப்பு. மூன்று வாரமும் யாரும் தடை சொல்லவில்லை. தடையாக இருந்தவர்கள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம், இரண்டாவது புதன். பட்டுப்புடவை, வியர்வை, மல்லிகை. சௌம்யநாராயணன் அங்கவஸ்திரத்தோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா பெண்ணின் தகப்பனாராக என்னைப் பீடம்வரை கூட்டிவந்து விட்டுவிட்டு, நேராகப் பாடகர் குழுவிடம் போய் நின்றுகொண்டார். மகள் கல்யாணமாக இருந்தாலும் பாட்டை இன்னொருவனிடம் ஒப்படைக்க அவருக்கு மனம் வராது.

வார்த்தைப்பாடு வந்தது. ஃபாதர் மைக்கை அருளிடம் நகர்த்தினார். எதிரும் புதிருமாக நின்றோம். என் வலது கையைப் பிடித்தான்.

"அ...அ...அருள்ராஜ் ஆகிய ந...நான்..."

அதுவரை போனது. பிறகு 'பெ'. உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. கோவிலில் ஒரு குழந்தை ஏதோ கேட்டது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். இரண்டாவது வரிசையிலிருந்த செல்லக்கிளி அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. யாராவது செபத்தில் தடுமாறினால் எடுத்துக்கொடுப்பது அவர் சுபாவம். "பெரியநாயகி ஆகிய உன்னை..." என்று எடுத்துக்கொடுத்தார். பின்வரிசை பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், மொத்தக் கோவிலும் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் ஒரே குரலாகச் சேர்ந்துகொண்டது. கூட்டத்தோடு அருளும் சரளமாகப் போனான், இன்பம் வரைக்கும். நானூறு பேர் ஒரே நேரத்தில் என்னை மனைவியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஃபாதர் பதறிக் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க, நிறுத்துங்க. மாப்பிள்ளை மட்டும்தான் சொல்லணும். முதல்லேர்ந்து சொல்லுப்பா."

முதலிலிருந்து சொன்னான். தனியாக. என் பெயருக்கே ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு வார்த்தையையும் கல்லைப் புரட்டுகிற மாதிரி புரட்டிப் புரட்டி வைத்தான். நெற்றி வியர்வை என் கையில் விழுந்தது. பின்னால் யாரோ 'உச்' கொட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். நான் அவன் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இன்பம் வந்தது. துன்பம் வர வெகுநேரமானது. நோய், ஆயுள், எல்லாம் வந்து முடிந்தபோது நாலு நிமிஷம் ஆகியிருந்ததாகப் பிறகு வீடியோவில் பார்த்தேன். முக்கொம்பில் நான் கத்திய ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிட முழுசாக எவனும் எவளுக்கும் சொல்லியிருக்க மாட்டான்.

"இப்ப பொண்ணு" என்றார் ஃபாதர்.

நான் வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிற வாய். காற்றுகூட வரவில்லை.

டக், டக், டக், டக்.

அப்பா. பாடகர் குழுவில் யாராவது ஆரம்பிக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டால், மோதிர விரலால் மைக் கம்பியில் நாலு தட்டு தட்டி எடுத்துக்கொடுப்பார். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போய்விடும். மகள் நின்றுவிட்டாள், கை போய்விட்டது. நான் நின்று நாலு விநாடிகூட ஆகியிருக்காது.

குரல் வந்துவிட்டது. ஆனால் வந்தது வார்த்தைப்பாடு இல்லை.

"இவருக்கு ஏம்ப்பா தாளம் போடல?"

மைக் அன்றைக்கென்று கொர்ரென்னாமல் வேலை செய்தது. கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டிருக்கும். ஃபாதர் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினார். அப்பாவின் விரல் கம்பியிலேயே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்ற அருளைப் பார்த்தார். பிறகு கையைக் கீழே போட்டார்.

அருள் என் கையை விடாமல், இன்னொரு கையால் எங்கள் முன்னாலிருந்த மைக் கம்பியைத் தொட்டான். நகத்தால் தட்டினான். நாலு. பிறகு இன்னொரு நாலு. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான், வா என்கிற மாதிரி.

போனேன். பெரியநாயகி ஆகிய நான், அருள்ராஜ் ஆகிய உன்னை. ஒரு எழுத்து மாற்றவில்லை. அவன் தட்டிய இடத்தில் வைத்தேன், விட்ட இடத்தில் மூச்செடுத்தேன். துன்பத்தில் ஒரு அழுத்தம், ஆயுளில் ஒரு நீட்டல், அதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. புது நன்மைப் பிள்ளைகள் இருந்த பக்கத்திலிருந்து கைதட்டல் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. முடித்தபோது செல்லக்கிளி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்மணியிடம் சொல்வது கேட்டது: "பொண்ணு எவ்வளவு பக்தியா சொல்லுச்சு பாருங்க."

தாலி கட்டி, பூசை முடிந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட உள்ளறைக்குப் போனோம். அப்பாவும் வந்தார். வெளியே போட்டோக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பந்தியில் முதல் வரிசை உட்கார்ந்துவிட்டதாக ஒருவர் வந்து சொன்னார். அப்பா பேனாவைத் திறந்தார், மூடினார்.

"நான் போட்டிருக்கணும், மாப்பிள்ளை" என்றார். "முதல் வார்த்தையிலேயே கை பரபரன்னுச்சு. அடக்கிக்கிட்டு நின்னேன்."

அருள் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ப...ப..." என்று நின்றது. என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், எடுத்துக்கொடுத்திருக்கலாம். போட்டோக்காரர் மறுபடி கதவைத் தட்டினார். அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல், பேனாவைக் கையில் பிடித்தபடி, 'பரவாயில்லை' என்ற அந்த ஒரு வார்த்தை வந்து சேரும்வரை நின்றார்.